வாசகர் கேள்வி–பதில்: லயத்தை விட்ட நாளிலிருந்து எண்ணுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பிழைக்க வந்த சமூகம் எத்தனை தலைமுறையில் இந்த மண்ணோடு கலக்கிறது, எதை இழக்கிறது, எதை வைத்துக்கொள்கிறது? ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

குடியேறியவர்களின் மொழி மூன்றாம் தலைமுறையில் போய்விடும் என்று படித்தேன். என் பேரன் ஐந்தாம் தலைமுறை. வீட்டில் இன்னும் தமிழ்தான். அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

பொருந்தும் ஐயா. எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு. அமெரிக்காவுக்குப் போன ஐரோப்பியக் குடும்பங்களைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. வந்தவர் தாய்மொழி பேசுவார், பிள்ளைக்கு இரண்டும் வரும், பேரனுக்கு ஆங்கிலம் மட்டும். கப்பலை விட்டு இறங்கிய மறுவாரமே அயலார் நடுவில் வேலைக்கும் பள்ளிக்கும் போன குடும்பங்களுக்கு அது சரி.

மலாயாத் தோட்டம் அப்படியா இருந்தது? கங்காணி தன் ஊர்க்காரர்களையும் உறவுகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பிரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை எல்லாம் ஒரு கட்டைக்குள் (மைலுக்குள்). 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் அது பேருக்குத்தான் பள்ளி. கொட்டகையில் கிராணியோ (எழுத்தரோ) கங்காணியோ பாடம் சொன்னார். ஆனாலும் பாடம் தமிழில் நடந்தது. 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தும்வரை ஒவ்வொரு கப்பலிலும் புதிதாக ஒரு ‘முதல் தலைமுறை’ வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. தோட்டத்துக்குள் கடிகாரம் ஓடவே இல்லை எனலாம்.

மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவிலுள்ள மேடானைப் பாருங்கள். அதே காலத்தில் அதே தமிழர்கள் டெலி புகையிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. வீட்டு மொழி மட்டும் பெரும்பாலும் இந்தோனேசிய மொழி ஆகிவிட்டது. தமிழ்ப்பள்ளித் தொடர் அங்கே இல்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். காவடியும் பெயரும் தங்கின, பேச்சு தங்கவில்லை.

ஆகவே கப்பல் ஏறிய ஆண்டை விட்டுவிடுங்கள். லோரியில் சாமான் ஏற்றித் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்கோ அடுக்குமாடிக்கோ குடிபோன ஆண்டிலிருந்து எண்ணுங்கள். 1980-களில் தோட்டத்தை விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது ஆரம்பப்பள்ளியில் இருக்கிறார்கள். மூன்றாம் தலைமுறை இப்போதுதான் பிறந்திருக்கிறது. உங்கள் பேரன் ஐந்தாம் தலைமுறை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

பாட்டிக்கு 78 வயது. பேராத் தோட்டத்தில் பிறந்தவர், இன்னும் சிவப்பு ஐ.சி. (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை). தம்பிக்கு நீல ஐ.சி. (குடிமகன் அட்டை). தம்பி மனைவி தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பையே பதியவில்லை, எந்த ஐ.சி.யும் இல்லை. கோயிலில் தாலி கட்டினார்கள். அவர்கள் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்கானெகாரா’ (குடிமகன் அல்ல) என்று இருக்கிறது. ஒரே குடும்பத்தில் இப்படி எப்படி?
– வாசகி, தாமான் ஒன்றிலிருந்து

இரண்டும் வெவ்வேறு முடிச்சு அம்மா. தனித்தனியாக அவிழ்க்க வேண்டும்.

முதலில் பாட்டி. சுதந்திரத்துக்கு முன் இந்நாட்டில் பிறந்தவர்களுக்கு அரசியலமைப்பின் 16-ஆவது விதி இருக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மனுவுக்கு முந்திய 7 ஆண்டில் மொத்தம் 5 ஆண்டாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நிரந்தரமாக இங்கே இருக்கும் எண்ணம், நன்னடத்தை, மலாய்மொழியில் அடிப்படை அறிவு ஆகியவையும் தேவை. சுதந்திரம் பெற்ற முதல் ஓராண்டில் மனு செய்தவர்களுக்கு மொழி நிபந்தனைகூடத் தளர்த்தப்பட்டிருந்தது. தோட்டத்து மக்கள் பலர் அதைத் தவறவிட்டார்கள். டவுனுக்குப் போனால் ஒருநாள் கூலி போகும், கையில் பிறப்புப் பத்திரம் இல்லை, சிவப்போ நீலமோ ரப்பர் பால் வெட்டத் தடையில்லை என்ற நினைப்பு. 1968 வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானபோதுதான் நிறத்தின் கனம் தெரிந்தது. 1969-க்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள்.

பாட்டியின் பிறப்புப் பதிவைத் தேசியப் பதிவிலாகாவில் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் தோட்டத்துச் செக்ரோல் (கூலிப் பதிவேடு), பள்ளிப் பதிவேடு, பழைய ஊழியர் சேமநிதி அறிக்கை ஆகியவற்றைத் திரட்டுங்கள். சேமநிதி 1951-லிருந்து இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்தவருக்கு நல்ல சான்று அது. பெரும்பாலும் சிக்குவது பெயர் எழுத்தில்தான். ஒரு தாளில் முத்தம்மா, இன்னொன்றில் முத்தம்மாள், மூன்றாவதில் மூத்தம்மா என்று இருக்கும். மூவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்து முதலிலேயே இணைத்துவிடுங்கள். நேர்காணல் மேசையில் போய் விளக்காதீர்கள். நேர்காணல் மலாயில் நடக்கும். பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை, சந்தையில் என்ன வாங்கினார் என்று தினமும் பத்து நிமிடம் பேசிப் பழகினால் போதும். பாட்டி இந்தியாவில் பிறந்தவர் என்று தெரியவந்தால் பாதை வேறு. அது 19-ஆவது விதி, 12 ஆண்டில் 10 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும்.

இனி பிள்ளை. 1.3.1982 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிய வேண்டியது கட்டாயம். அதற்கு முன் சடங்குப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் பதிந்ததாகவே கொள்கிறது. அதற்குப் பின் தாலி மட்டும் கட்டியிருந்தால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை மணத்துக்கு வெளியே பிறந்தது. அப்படிப்பட்ட பிள்ளை குடியுரிமையில் தாயைப் பின்பற்றும். தகப்பன் நீல ஐ.சி.யை எவ்வளவு உயர்த்திக் காட்டினாலும் பலன் இல்லை. தாயிடம் தாளே இல்லாததால்தான் பிள்ளைக்கு இந்த நிலை.

வரிசை மாறக் கூடாது. தாயின் பிறப்பைத் தாமதப் பதிவாகப் பதிவது முதல் வேலை. அவர் பெற்றோரின் ஐ.சி., திருமண ஆதாரம், பிரசவம் பார்த்த மருத்துவமனையின் உறுதிக் கடிதம் வேண்டும்; வீட்டில் பிறந்திருந்தால் பிரசவம் பார்த்தவரோ நேரில் அறிந்த உறவினரோ சாட்சி சொல்ல வேண்டும். அதன் பிறகு தாய்க்கு ஐ.சி., பின்பு திருமணப் பதிவு, கடைசியில் பிள்ளை. பலர் நேரே பிள்ளையிலிருந்து தொடங்கி, ‘முதலில் திருமணப் பத்திரம் கொண்டுவா’ என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். திருமணம் பதியப் போனால் ‘பெண்ணின் ஐ.சி. எங்கே?’ என்பார்கள். வட்டமடித்தே ஆண்டுகள் போகும்.

சிறப்புச் சூழலில் பிள்ளையைக் குடிமகனாகப் பதிய 15ஏ விதியின்கீழும் மனு செய்யலாம். 18 வயது நெருங்கும்வரை காத்திராமல் இப்போதே போடுங்கள். ஒப்புகைச் சீட்டையும் மனு எண்ணையும் படி எடுத்து வையுங்கள். நிராகரித்தால் மறுபடி மனு செய்யத் தடையில்லை. பள்ளிக்கு நேரமாகிறதென்றால், தகப்பன் குடிமகன் என்பதைக் காட்டி மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்; பத்திரம் வரட்டும் என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

இன்னும் திருமணம் ஆகாதவர்களுக்கு ஒரு சொல். பதிவதற்கு 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் வாரத்திலேயே அதையும் முடித்துவிடுங்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு. பெயரை எந்த எழுத்தில் எழுதுவதென்று வீட்டிலேயே முடிவுசெய்து, தகப்பன் பெயரை அவர் ஐ.சி.யில் உள்ளபடி ஓரெழுத்து மாறாமல் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அச்சிடும் முன் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். கவுண்டரில் ஐந்து நிமிடம். பிறகு திருத்துவதென்றால் மாதக்கணக்கு.

மகளுக்குத் தமிழ் புரிகிறது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். தமிழ்ப்பள்ளியில்தான் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். என்ன செய்யலாம்?
– தாய், சுங்கை சிப்புட்

புரியும், பேச வராது என்ற நிலைதான் மொழி மாற்றத்தின் நடுப்படி. திட்டினால் தமிழ் என்றாலே திட்டு என்று ஆகிவிடும். பதிலுக்கு நீங்கள் ஆங்கிலத்துக்குத் தாவாமல் தமிழிலேயே பேச்சை நீட்டுங்கள். அவளைவிட முக்கியம், அவள் தங்கை தம்பியோடு எந்த மொழியில் விளையாடுகிறாள் என்பது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் மொழி மாறுவதற்கு முன்னமே உடன்பிறந்தாருக்குள் மாறிவிடும். மூத்தது பள்ளியிலிருந்து எதைக் கொண்டுவருகிறதோ அதைத்தான் இளையது பிடிக்கும்.

பேச்சைவிட எழுத்துத்தான் சீக்கிரம் போகும். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிகிறது. இடைநிலைப்பள்ளி மலாயில். அங்கே தமிழ் தானாக வராது, கேட்டால்தான் வரும். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு செய்ய 1996 கல்விச் சட்டம் இடம் தருகிறது. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே 15-க்குப் பதில் இருபது பேரைத் திரட்டுங்கள். நடுவில் நாலைந்து பேர் கழன்றுவிடுவார்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையொப்பம் வைத்துத் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து, உங்கள் படியில் முத்திரை வாங்குங்கள். கடிதம் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பல வகுப்புகள் பஸ்ஸால்தான் படுத்துவிடுகின்றன. வகுப்பு மதியத்துக்கு மேல் நடக்கும், பள்ளி பஸ் அதற்கு முன்பே போய்விடும். யார் எந்த நாளில் ஏற்றி வருவது என்று பெற்றோர் முறை போட்டுக்கொண்டால் வகுப்பு நிற்கும்.

அடுத்த பள்ளம் நான்காம் படிவம் (இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டு). ‘தமிழ் எடுத்தால் ஒரு ஏ குறையும்’ என்று எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பொதுத் தேர்வு) பாடப் பட்டியலிலிருந்து கழற்றிவிடுவார்கள். மூன்று ஆண்டு விட்டுவிட்டு ஐந்தாம் படிவத்தில் திடீரென எடுத்தால் உண்மையிலேயே குறையும். முதலாம் படிவத்திலிருந்து வாரம் ஒரு கட்டுரை எழுதி வந்த பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொன்று பலர் காதுக்கு இனிக்காது. தமிழ்ப்பள்ளியை நிறுத்திப் பிடிக்க வேண்டுமானால் பிள்ளைக்கு மலாய் நன்றாக வர வேண்டும். மலாயில் குறைந்தபட்ச அடைவு இல்லாத பிள்ளை முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு ரிமூவ் வகுப்பில் உட்கார வேண்டும். அந்த ஓராண்டுக்குப் பயந்துதான் பல பெற்றோர் தொடக்கத்திலேயே மலாய்வழித் தேசியப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். மூன்றாம் ஆண்டிலேயே மலாய்க் கதைப்புத்தகம் கையில் இருக்கட்டும்.

வீட்டில் இட்டிலி வைத்தால் பிள்ளைகள் நாசி லெமாக் (சம்பலோடு தேங்காய்ப்பால் சோறு) கேட்கிறார்கள். இதுவும் கலாசாரச் சீரழிவுதானா?
– வாசகர், கோல கங்சார் சாலை

சம்பல் நன்றாக இருந்தால் கேட்கத்தான் செய்வார்கள்.

எமர்ஜென்சி நம் ஊரில்தான் தொடங்கியது. அதே காலத்தில் வந்த சீனர்கள் வீடு, கடை என்று ஊன்றிவிட்டார்கள். தோட்டத்துத் தமிழர்கள் ஏன் வெறுங்கையோடு வெளியேறினோம்?
– இளைஞர், சுங்கை சிப்புட்

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம், அதாவது எமர்ஜென்சி, பிறந்தது. உங்கள் கேள்விக்கு விடையின் ஒரு பகுதியும் அங்கேதான் இருக்கிறது. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகாதபடி, காட்டோரம் இருந்த சீனக் குடும்பங்களைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். முள்வேலிக்குள் அடைத்த கொடுமைதான். ஆனால் குடும்பத்துக்கு ஒரு மனை கிடைத்தது. பிற்பாடு பலருக்கு அது குத்தகை நிலமாகவும் ஆனது. தோட்டத் தமிழர்களைத் தோட்டத்துக்குள்ளேயே ஒரு வேலிக்குள் திரட்டினார்கள். நிலம் கம்பெனியுடையது, லயமும் கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

உங்கள் ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தன் இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலம் அது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். சங்கம் காப்பாற்றியது சில தோட்டங்களைத்தான். மற்றவை கைமாறிக்கொண்டே இருந்தன. வீட்டுக் குடியமர்த்தல் இல்லாமல் லயத்தை இடித்தவர்களும் உண்டு. ஊன்றுவதில் மொழி, மதம், சமையல் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது மனை. சமூக நூல்களில் அதைக் கடைசி அத்தியாயத்தில் வைக்கிறார்கள்.

இப்போது எங்கள் தோட்டத்து லயத்தில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும்தான். நூறு ஆண்டில் அவர்களும் நம்மைப் போல் ஆவார்களா?
– ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்)

இப்போதுள்ள விதியில் ஆக மாட்டார்கள். கலப்பதற்குத் தலைமுறை வேண்டும், தலைமுறைக்குக் குடும்பம் வேண்டும். நம் முன்னோரைக் கங்காணி குடும்பத்தோடு கூட்டி வந்தார். ஆள் பெருகினால் கூலி மலிவாகும் என்பது துரையின் கணக்கு. ஆனால் அதனால் லயத்தில் பிள்ளைகள் பிறந்தன. இன்றைய தொழிலாளிக்குத் தற்காலிக வேலை பெர்மிட். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ஒரு முதலாளியோடு கட்டிப்போட்டது. மனைவியை அழைத்துவர முடியாது. இங்கே யாரையும் மணக்க முடியாது. மருத்துவச் சோதனையில் கர்ப்பம் தெரிந்தால் பெண் தேற மாட்டாள், ஊருக்குத் திரும்ப வேண்டும். பத்து ஆண்டு இங்கே உழைத்தாலும் அவர் முதல் தலைமுறையாகவே வந்து முதல் தலைமுறையாகவே போகிறார். ‘அவர்கள் நம்மோடு ஒட்டுவதில்லை’ என்று குறை சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

மொழி போனால் மதமும் போய்விடும் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா?
– கோயில் குழு உறுப்பினர்

மலாக்கா செட்டிகளைப் பார்த்திருந்தால் அந்தச் சொற்பொழிவாளர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய தமிழ் இந்துக்களின் வழிவந்தவர்கள். தாய்மொழி மலாய் சார்ந்த பேச்சுமொழி, பெண்களுக்கு உடை சாரோங் கெபாயா. பிள்ளை போன்ற பட்டப்பெயர்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. காஜா பேராங்கில் அவர்கள் கிராமம். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பொங்கலை ஒட்டி முன்னோருக்குப் படைக்கும் ‘பார்ச்சு’ சடங்கை நம்மில் பலரைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள்.

மதமும் மொழியும் வெவ்வேறு தூண்கள். மலாய்ப் பெண்களை மணந்த இந்திய முஸ்லிம்களின் வழிவந்த பினாங்கு ஜாவி பெரானாக்கான்களில் தமிழ் முஸ்லிம் வம்சங்கள் உண்டு. அங்கே மதம் ஒன்றாக இருந்ததாலேயே மொழியும் அடையாளமும் மலாயோடு எளிதாகக் கலந்தன. யாரை மணக்கலாம் என்பதை மதம் தீர்மானிக்கிறது. கலப்பின் வேகம் அதில் அடங்கியிருக்கிறது.

கொள்ளுத் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘திருச்சி ஜில்லா’ என்பது மட்டும் தெரியும்.
– கல்லூரி மாணவி, ஈப்போ

நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்களுக்கு ஆளுக்கொரு எண், ஊர், தகப்பன் பெயர் போட்ட பட்டியல் இருக்கிறது. கங்காணி முறையில் வந்தவர்களுக்கு அப்படி ஆள்வாரிப் பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். வேறு வழியில் நெருங்க வேண்டும்.

முதலில் வயதானவர்களிடம் ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். ஊர் மறந்திருக்கும், கிடா வெட்டிப் படைக்கும் சாமியின் பெயர் மறந்திருக்காது. அதோடு அங்காளி பங்காளிகள் யார் என்றும் கேட்டு எழுதுங்கள். குலதெய்வக் கோயில் பெரும்பாலும் பூர்வீக ஊரிலோ பக்கத்திலோ இருக்கும்.

அடுத்தது பக்கத்து வீட்டார். கங்காணி சுற்றுவட்டாரத்தில்தான் ஆள் சேர்த்தார். ஆகவே ஒரே லயத்தில் இருந்த மூன்று குடும்பங்களில் ஒன்றுக்கு ஊர் தெரிந்தால் உங்கள் ஊரும் அதிலிருந்து சில கட்டைக்குள் இருக்க வாய்ப்புண்டு. தோட்டத்துக் கங்காணியின் ஊர் எது என்று விசாரியுங்கள்.

மூன்றாவது தாள்கள். பழைய இந்தியக் கடப்பிதழ், திரும்பிப் போன உறவினர் எழுதிய கடித உறை, மணியார்டர் துண்டு. அஞ்சலகப் பெயர் படிந்த ஒரு முத்திரை, பத்துப் பேர் நினைவைவிட மேல். 1926-லிருந்து ஓடிய ரஜுலா கப்பலில் வந்தார், நாகப்பட்டினத்தில் ஏறினார் என்று சொல்வார்கள். அது ஏறிய துறைமுகம், ஊர் அல்ல.

கடைசியாக வரைபடம். அந்தக் காலத்துத் திருச்சி ஜில்லா இன்று கரூர், பெரம்பலூர், அரியலூர் என்றெல்லாம் பிரிந்திருக்கிறது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம், 1948-இல்தான் திருச்சியோடு சேர்ந்தது. அதேபோல் வட ஆற்காடு என்றால் வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர். சேலம் என்றால் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியும் சேர்த்து. தஞ்சாவூர் என்றால் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையும். ஒரே பெயரில் நாலைந்து ஊர் இருக்கும். டிக்கெட் எடுக்குமுன் தாலுக்காவையும் பக்கத்து ஊர் இரண்டையும் உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் வேறொரு முத்தையாவின் வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்துவிட்டு வருவீர்கள்.